நீற்றுக்குழி

யாரோ இருட்டில் உட்கார்ந்து கடைவாய்ப் பல்லை நெரிக்கிற மாதிரி ஒரு சத்தம். விட்டு விட்டு. நடுவில் உஸ்ஸென்று ஒரு மூச்சு, பிறகு மறுபடி நெரிப்பு. மணி ஏழே முக்கால்தான், ஆனால் ஐப்பசி இருட்டு ஆறு மணிக்கே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. முதலில் செரின்தான் என்று நினைத்துத் தொட்டிலில் குனிந்து பார்த்தேன். பிறந்து ஐம்பத்திரண்டு நாளான பிள்ளைக்கு ஏது பல். வாயை லேசாகத் திறந்து, மேலுதட்டில் பால் கொப்புளத்தோடு தூங்குகிறாள். அப்புறம் எலி என்று நினைத்தேன், கூரைத் தகரத்தில் மழை என்று நினைத்தேன், மழை பெய்யத்தான் செய்கிறது, பூந்தூறல், ஆனால் சத்தம் மேலிருந்து வரவில்லை, அடுக்களைக்குப் பின்னாலிருந்து, தரையோடு தரையாக வருகிறது. தெரிந்த சத்தம்தான். தெரிந்த சத்தம் நேரம் தப்பி வந்ததால் தெரியாததாக இருந்திருக்கிறது. சுண்ணாம்புக் குழி நீறுகிறது. யாரும் தண்ணீர் விடவில்லையே. மாமி துட்டி விசாரிக்கச் சாவு வீட்டுக்குப் போகும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்: “ஏளா ஜெசிந்தா, சுட்ட சிப்பியக் குழியில தட்டியாச்சி, குடத்தையும் எறக்கியாச்சி. நான் செபமால முடிஞ்சி வந்துதான் தண்ணி விடணும். நீ ஒண்ணுத்துலயும் கை வைக்காத.” கை வைக்கவில்லை மாமி. குழியை மூடியிருந்த தகரத்தைக் காற்று தள்ளியிருக்கும், தூறல் உள்ளே போயிருக்கும், சிப்பி தானாகவே தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது வெடித்து, பொரிந்து, மாவாகி, பொங்கி மேலே வரும், நடுவில் குடம் இருக்கிறது, குடத்தை நேரத்தில் தூக்காவிட்டால் சாய்ந்து முங்கிவிடும். நான் போய்க் கயிற்றைப் பிடித்துத் தூக்க வேண்டும். பத்தடி. அடுக்களையைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, இரண்டு படி இறங்கினால் குழி. நான் போக மாட்டேன்.

ஒன்பது நாளாக நான் கண்ணைத் திறந்துகொண்டு குழிப் பக்கம் போகவில்லை, அது யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் விறகை வீணாக்க மாட்டார்கள். நீறுகிற சுண்ணாம்புக்கு அவ்வளவு சூடு, அந்தச் சூட்டை ஏன் வானத்துக்கு விடணும் என்று செப்புக்குடத்தில் தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, கழுத்தில் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கிவிடுவார்கள், அரை மணியில் தண்ணீர் கொதிக்கும், பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் குளிக்க அதுதான். மூன்று தலைமுறையாக இந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுண்ணாம்புச் சூட்டில் குளித்தவர்கள் என்று மாமிக்குப் பெருமை. போன வாரம் செவ்வாய்க்கிழமை நான்தான் குடத்தைத் தூக்கப் போனேன். செரின் இடது தோளில் கிடந்தாள், வலது கையில் கயிறு. குழி அப்போது உச்சத்தில் இருந்தது, வெள்ளையாகக் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பி உடைந்துகொண்டிருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. அப்போது வந்தது. குரல் என்று சொல்ல முடியாது, குரலுக்கு ஒரு தொண்டை வேண்டும். உப்புப் போட்டாச்சா, அடுப்பை அணைச்சாச்சா என்று நினைத்துக்கொள்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது: பிள்ளையைப் போட்டால்? அவ்வளவுதான். போட்டால். என் இடது கை லேசாகத் தளர்ந்ததா, தளரவில்லையா? தளரவில்லை. தளர்ந்ததோ? கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன், யாரோ என்னைக் கைது பண்ணின மாதிரி. மாமி வந்து, “குடத்த விட்டுட்டு என்ன பராக்கு?” என்றார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றேன். அன்றிலிருந்து இடுப்பு வலி.

சிஸ்டர் கிளமென்ஸ் ஒன்பதாம் வகுப்பில் மெழுகுவர்த்தியைக் காட்டிச் சொல்லித் தந்தார்கள். மெழுகு உருகுவது இயற்பியல் மாற்றம், ஆறினால் மறுபடி மெழுகு. திரி எரிவது வேதியியல் மாற்றம், போனது போனதுதான். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் வற்றவைத்து எடுத்துக்கொள்ளலாம், சர்க்கரையைக் கருக்கினால் கரிதான். நாங்கள் வரிசையாக நின்று மெக்னீசியம் நாடா எரிவதைப் பார்த்தோம், கண்ணில் ரொம்ப நேரம் ஒரு பச்சைப் புள்ளி நின்றது. எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரையாண்டில் ஒரு கேள்விக்கு மார்க் போனது, அந்த ஒரே கேள்விக்கு. சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாவது எவ்வகை மாற்றம்? நான் எழுதினேன்: இயற்பியல் மாற்றம். காரணம்: முன்பும் வெள்ளை, பின்பும் வெள்ளை. சிஸ்டர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில், “வெள்ளையாக இருந்தால் அதே பொருளா?” என்று கேட்டிருந்தார்கள். அந்த வயதில் அது ஒரு மார்க். பிள்ளைகள் சிரித்தார்கள், இவள் ஊரில் வெள்ளை எல்லாம் சீனியாம் என்று. அப்புறம் பார்த்தால் சுண்ணாம்புக் காளவாசல்காரர் வீட்டிலேயே கொண்டுவந்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே சிப்பியும் வெள்ளை, சூளையில் சுட்டு எடுத்தாலும் வெள்ளை, குழியில் நீற்றினாலும் வெள்ளை. மூன்றும் மூன்று பொருள். முதலாவதைப் பிள்ளைகள் வைத்து விளையாடும். இரண்டாவதைக் காய்ந்த கையால் தொடலாம், ஈரம் பட்டால் போச்சு. மூன்றாவதைச் சுவரில் பூசலாம், வெற்றிலையில் தடவலாம். கண்ணால் பார்த்து எது எது என்று இந்த வீட்டில் எல்லாராலும் சொல்லிவிட முடியும், என்னால் முடியாது, நான் இன்னும் அந்த ஒரு மார்க்கிலேயே நிற்கிறேன்.

கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன், அதே முகம்தான். பேறுகாலத்துக்கு வந்துபோன பெரியம்மா, “மூக்கும் முழியும் அப்படியே இருக்கட்டி, பிள்ள பெத்த மாதிரியே தெரியல” என்றார்கள். அதுதான் பயம். தெரியவில்லை. தண்ணீர் பட்ட எனக்குள் என்ன நடந்ததென்று தெரியவில்லை. அந்த நினைப்பு ஒரு தடவை வந்து போயிருந்தால் சரி, பனிக்கட்டி உருகின மாதிரி, தண்ணீராய்ப் போய்த் திரும்பி உறைந்த மாதிரி, நான் பழைய ஜெசிந்தா. ஆனால் மறுநாளும் வந்தது, அரிவாள்மணையில் வெங்காயம் அரியும்போது வந்தது, கிணற்றைப் பார்த்தால் வந்தது. இப்போதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே, வந்துவிடுமோ என்று நான் கூப்பிட்டு வைக்கிறேன். அப்படியானால் நான் நினைக்கிறவளா, நினைப்புக்கு அகப்பட்டவளா? ஞானோபதேசத்தில் சொல்லித்தந்தது செய்தால்தான் பாவம் என்றில்லை, மனதில் சம்மதித்தாலே பாவம். நான் சம்மதித்தேனா? சம்மதிக்காவிட்டால் ஏன் வருகிறது? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் நின்றேன். அந்தச் சல்லடைத் தட்டிக்குப் பின்னால் சாமியார் இருமினார். என் குரல் அவருக்குத் தெரியும், ஞானஸ்நானத்துக்கு அவர்தான் பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றினார். மாமியை எதிர்த்துப் பேசினேன், இரண்டு பொய் சொன்னேன், வெள்ளிக்கிழமை மீன் தின்றேன் என்றேன். வெள்ளிக்கிழமை மீன் தின்பது பாவமே இல்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை, மூன்று அருள்நிறை மரியே மந்திரம் சொல்லச் சொன்னார். அதில் ஒன்று பிள்ளையைப் போட்டால் என்று நினைத்ததற்கும் சேர்த்து என்று நானாகவே கணக்கு வைத்துக்கொண்டேன், அது பொய்க் கணக்கு.

சத்தம் கூடுகிறது. இப்போது பல் நெரிப்பு இல்லை, எலும்பு முறிகிற மாதிரி படக் படக்கென்று. ஆவி வாசனை உள்ளே வந்துவிட்டது, ஈரச் சுவர் வாசனை. வயிற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கழிப்பறைக்குப் போக வேண்டும், நாலு மணியிலிருந்து அடக்கி வைத்திருக்கிறேன். இந்த வீட்டைக் கட்டினவர் கழிப்பறையைக் குழிக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிறார், நாற்றம் தெரியாமலிருக்க. மாமி இருந்தால் பிள்ளையை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட்டு வருவேன். இப்போது பிள்ளையைத் தனியே விட்டுப் போகவும் பயம், தூக்கிக்கொண்டு போகவும் பயம். தனியே விட்டால் பூனை, பூரான், மூச்சு. தூக்கிக்கொண்டு போனால் நான். முன்வாசலில் இறங்கித் தெருவில் நிற்கலாம். மழையில் பச்சைப் பிள்ளையோடு ஏன் நிற்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். என்ன சொல்வேன்? பின்வாசல் திறந்தே கிடக்கிறது. சூளைக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த வழிதான், குடி தண்ணீருக்கும் அந்த வழிதான். இங்கிருந்து பார்த்தால் அடுக்களை இருட்டுக்கு அப்பால் அந்த வாசல் ஒரு சாம்பல் கட்டமாகத் தெரிகிறது, அதில் வெள்ளையாக ஆவி ஏறிக்கொண்டிருக்கிறது.

வேதியியல் மாற்றத்துக்கு அடையாளம் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். வெப்பம் வெளிப்படும். நிறம் மாறலாம், மணம் மாறலாம். குமிழிகள் தோன்றும். புதிய பொருள் உண்டாகும். எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. எனக்குக் காதுமடல் எப்போதும் சுடுகிறது. என் வேர்வை வேறு மாதிரி நாறுகிறது, அது பால் வாசனை என்கிறார் என் வீட்டுக்காரர். குமிழி. குமிழி என்றால் சோறு வடிக்கிற உலையிலும்தானே வருகிறது, வெறும் தண்ணீர் கொதித்தாலும் வருகிறது, அது இயற்பியல் மாற்றம்தானே, ஆவி ஆகி மூடியில் பட்டுத் தண்ணீராகவே சொட்டும். அப்படியானால் குமிழியை நம்ப முடியாது. இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டேன். குமிழியை நம்ப முடியாது, குமிழியை நம்ப முடியாது. பிறகு அந்த “புதிய பொருள் உண்டாகும்” வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. பேப்பரில் சில நேரம் பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று படம் போடுகிறார்களே, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெண் போலீஸ். அவளும் அதற்கு முந்தின நாள் அதே வெள்ளையாகத்தானே இருந்திருப்பாள். அவளுக்கும் முதலில் இப்படித்தான் உப்புப் போட்டாச்சா என்கிற மாதிரி வந்திருக்குமா? யாரிடமாவது சொல்லியிருப்பாளா? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படம் வந்திருக்காது. இதை நான் நினைத்தேனா, யாரோ சொன்னார்களா, தெரியவில்லை.

செரின் விழித்துக்கொண்டாள். முதலில் முனகல், பிறகு காலை உதைத்து, முகம் சிவந்து, முழு அழுகை. பசி இல்லை, இப்போதுதான் குடித்தாள், அந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறாள். தொட்டிலை ஆட்டினேன், கயிற்றை மட்டும் பிடித்து ஆட்டினேன், பிள்ளையைத் தொடாமல். “ஒண்ணுமில்ல தங்கம், ஒண்ணுமில்ல.” தொடாமல் ஆட்டுகிற தாயை அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் கத்தினாள். தூக்கினேன். தூக்கினதும் என் கழுத்துக்குள் மூக்கை வைத்துத் தேய்த்தாள், அந்தக் கனம், அந்தச் சின்னச் சூடு. அழுகை அப்படியே நின்றது. என்னிடம்தான் நிற்கிறது, பார். என்னிடம் வந்தால்தான் இவளுக்குப் பயம் தெளிகிறது. இவளுக்குத் தெரியாது. நான் சுவர் ஓரமாக நின்றேன், குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்தேன், கால் தானாக நடந்துவிடும் என்று. நடக்காது. நடக்காது என்று யார் சொன்னது.

செல்போன் அடித்தது. வீட்டுக்காரர், கிளாட்வின். சூளையிலிருந்து, காற்றடிக்கிற விசிறி மோட்டார் பின்னால் இரைந்தது. “ஏ ஃபார்முலா!” என்றார். கல்யாணமான புதிதில், நீறுகிற சுண்ணாம்புக்குச் சமன்பாடு எழுதிக் காட்டினேன் என்று அப்படித்தான் கூப்பிடுவார். “குழி தானா நீறுதுன்னு இங்கருந்தே பொகை தெரியுது. நீ என்ன ஃபார்முலா போட்ட? குடத்தத் தூக்கிரு, முங்குச்சின்னா கெழவி நம்ம ரெண்டு பேரையும் குழியில எறக்கிரும்.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “நீங்க வாங்க,” என்றேன்.

“தீ நல்லாப் பிடிச்சி நிக்கி. இப்ப விட்டுட்டு வந்தா ஒரு சூளை சிப்பியும் பாதி வெந்து கெடக்கும். இடுப்பா? ஒரு கையால இழு, லேசாத்தான் இருக்கும்.”

“நான் அந்தப் பக்கம் போவ மாட்டேன்.”

“என்ன, பேய் கீய் நிக்கா? வெள்ளச் சேலையா? கேளு, நம்ம கடைச் சுண்ணாம்புதானான்னு.”

“என்னங்க,” என்றேன். அதற்கு மேல் வாக்கியம் எப்படித் தொடங்கும் என்று தெரியவில்லை. கான்வெண்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கம் சொல்லித்தந்தார்கள், வேண்டுகோள் கடிதத்துக்கு, மன்னிப்புக் கடிதத்துக்கு, விடுப்புக் கடிதத்துக்கு. “குழிகிட்ட போனா, பிள்ளையப் போட்டுருவேனோன்னு வருது.” சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் அது எவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது. “போடணும்னு இல்ல. போட்டுருவேனோன்னு. ஒம்பது நாளா வருது. கத்தியப் பாத்தாலும் வருது. எனக்குப் பயமா இருக்கு, நீங்க வாங்க.” அந்தப் பக்கம் விசிறி மட்டும் இரைந்தது. வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு விசிறி இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. அவர் மோட்டாரை அணைக்கிற சத்தத்தை நான் கேட்டேன். “அங்கனயே நில்லு. பிள்ளையக் கீழ விடாத. போன வைக்காத,” என்றார். ஓடுகிற மூச்சு காதுக்குள் கேட்டது, வேலித் தகரம் திறக்கிற சத்தம் கேட்டது, அதே சத்தம் வெளியிலும் கேட்டது.

பின்வாசல் வழியாகத்தான் வந்தார், முழங்கால் வரை வெள்ளை, புருவம் வெள்ளை. கையை நீட்டினவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இந்த வீட்டில் சூளைக் கையோடு யாரும் பிள்ளையைத் தொட மாட்டார்கள், தண்ணீரில் கழுவவும் மாட்டார்கள், தண்ணீர் பட்டால் கை எரியும், முதலில் துணியால் தட்டித் துடைத்து, பிறகு தேங்காய் எண்ணெய். அலமாரியில் குப்பியைத் தேடினார், மூடி கழன்று உருண்டு ஓடியது. விரல் விரலாக எண்ணெய் போட்டு வழித்தார், நகக்கண் விடாமல், முழங்கை வரைக்கும். நான் பிள்ளையோடு சுவரில் ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் என்று சொல்லத் தோன்றியது. அவர் அவசரப்பட்டுத் தொட்டிருந்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். “தா,” என்றார். கொடுத்தேன். என் இரண்டு கைகளும் வெறுமையாகி அந்தரத்தில் அப்படியே நின்றன.

“எத்தன நாள்னு சொன்ன?”

“ஒம்பது.”

“ஒம்பது நாளா இத வச்சிக்கிட்டா எனக்குச் சோறு போட்ட?” என்றார். திட்டுகிற மாதிரிதான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது. செரினின் தலைக்குப் பின்னால் எண்ணெய்க் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், சூளையைத் திறந்து சிப்பி வெந்ததா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் மாறிப்போனேனா என்று பார்க்கிறார். பார்க்கட்டும். எனக்கே தெரியவில்லை, அவருக்காவது தெரிந்தால் சொல்லட்டும். “என்னைப் பிள்ளையோட தனியா விடாதீங்க,” என்றேன். “கோயிலுக்கும் வேண்டாம், மந்திரிக்கவும் வேண்டாம். டாக்டர்கிட்டப் போவணும். பிள்ளப் பேறு பாத்தாங்கள்ல, அந்த டாக்டரம்மாகிட்ட. அவங்கள்ட்ட நானே சொல்லுதேன். நீங்க கூட நிக்கணும்.”

“காலையில மொத பஸ்ஸு,” என்றார். பிறகு, “சூளை அவிஞ்சிரும் இன்னைக்கி,” என்றார், என்னிடம் சொல்லவில்லை, சும்மா. பிறகு, “அவியட்டும்.” தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்திக்கொண்டார். “நீ சாப்பிட்டியா?” இல்லை என்று தலையாட்டினேன். “வயிறு முட்டி நிக்கி. போய்ட்டு வாரேன்,” என்றேன். “போ. நான் இங்கனதான இருக்கேன்.”

ஒன்பது நாளுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டு, வெறுங்கையோடு அந்தப் படியில் இறங்கினேன். தூறல் முகத்தில் விழுந்தது. குழி பொங்கி விளிம்புவரை வந்திருந்தது, வெள்ளை வெள்ளையாக வெடித்து, செப்புக்குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்து மட்டும் தெரிந்தது, கயிறு மேலே கிடந்தது. கையெட்டும் தூரம்தான். நான் சுவரோரமாகவே போய்ச் சுவரோரமாகவே திரும்பினேன். திரும்பும்போது மறுபடி வந்தது, அதே மாதிரி, சாதாரணமாக: போட்டால்? கையில் ஒன்றும் இல்லாதபோதும் வந்தது. ஓ, நீ இப்படியும் வருவாயா என்று நினைத்தேன். இன்னும் தீரவில்லை, நாளைக்கும் வரும், டாக்டரம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் குடையோடு பெண்கள் பேச்சு கேட்டது, மாமியின் குரல் எல்லாருக்கும் மேலே, “ஏளா, குடத்தத் தூக்கிட்டியா?” என்று அங்கிருந்தே. தூக்கவில்லை மாமி. முன்வாசல் வழியாக வாருங்கள், சொல்கிறேன். உள்ளே ஏறினேன். பின்கதவு மழையில் ஊதி நிலையை விட்டு விலகி நின்றது, தோளைக் கொடுத்துத் தள்ளினேன், மேலே தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையவில்லை, அடுக்களையிலிருந்து அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிவந்து கீழிருந்து மேலாக ஒரு இடி, இரண்டு இடி. “என்ன சத்தம்?” என்றார் உள்ளேயிருந்து. மூன்றாவது இடியில் தாழ் மேலேறி நிலைத் துளைக்குள் புகுந்தது.